தங்க முள் நிமிர்த்தும் வேலை

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெரு ஒன்றில் உள்ள கடிகாரக் கடையில் நான் பேனா பழுது பார்க்கிறேன். கடைக்குச் சோறு போடுவது கடிகார வேலைதான். முதலாளிக்கு மைப்பேனாவின் மேல் இருக்கும் பிரியத்தால் எனக்கென்று ஒரு மேசையும் விளக்கும் கிடைத்தன. என்னிடம் வருகிற பேனாக்களில் பெரும்பாலானவை, மூடி கழன்றிருந்த நேரத்தில் கை தவறி, முள் தரையில் படும்படி விழுந்தவை.

விழுந்ததும் நேராகக் கடைக்கு வந்த பேனாவைச் சரி செய்வது அவ்வளவு கடினமன்று. உரிமையாளர் தாமே நிமிர்த்திப் பார்த்து, முடியாமல் கொண்டுவரும் பேனாதான் பெரும்பாடு. அதற்குக் காரணம் உலோகத்தின் குணம். 14 காரட் தங்க முள்ளில் நூற்றுக்கு 58.5 பங்குதான் தங்கம்; மீதி செம்பு, வெள்ளி போன்றவை. தகட்டைச் சூடில்லாமல் உருட்டி அழுத்தியே முள்ளுக்குத் துள்ளலை ஏற்றுகிறார்கள். அப்படி இறுகிய உலோகத்தை மேலும் மேலும் வளைத்தால் அது இன்னும் இறுகி, ஒரு கட்டத்தில் விரிசல் விடும். சூடு காட்டினால் இளகி எளிதாக வளையும் என்று நினைத்து மெழுகுவத்தியில் வாட்டிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அந்த முள் வளையத்தான் வளையும். ஆனால் எழுதும்போது விரிந்த பற்கள், அதாவது நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள முள்ளின் இரு பாதிகள், மீண்டும் கூட மாட்டா. எஃகு முள்ளின் சங்கடம் வேறு. நிமிர்த்திய பிறகு பழைய வளைவை நோக்கியே அது திரும்பும் என்பதால், சற்று அதிகமாக எதிர்ப்பக்கம் வளைத்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் ஹீரோ போன்ற பேனாக்களுக்கு முள்ளை மாற்றிவிடுவதே நியாயம். நிமிர்த்தும் கூலியைக் கேட்டால் புதுப் பேனாவே வாங்கிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தம் தந்தையின் பார்க்கர் டியூபோல்ட் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். தந்தை கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவர். தொழிலாளர்களின் வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகம் முழுவதையும் இதே பேனாவால்தான் எழுதினாராம். அலமாரியைத் துடைக்கும்போது பேனா கீழே விழுந்திருக்கிறது. இடப்பக்கத்துப் பல் மேல்நோக்கிக் கொக்கிபோல் வளைந்து, வலப்பக்கத்துப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அதை உடனே தொடவில்லை. உறைந்து கிடந்த பழைய மை இளகும்வரை முன்பகுதியைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவிய பிறகு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்சில் முள்ளை நாற்புறமும் திருப்பிப் பார்த்தேன். இதுபோன்ற முள்ளில் முதலில் தேடவேண்டியது வளைவை அன்று, விரிசலை. நடுப்பிளவு முடிகிற காற்றுத் துளையின் விளிம்பிலும், பல் மடிந்த இடத்திலும் முடியளவு கோடு ஒன்று தெரிந்தால், நிமிர்த்தும்போது பல் ஒடிந்து கையோடு வந்துவிடும். அடுத்ததாக நுனியில் உள்ள மணியைப் பார்க்க வேண்டும். 1830களில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் தங்க முள்ளின் நுனியில் இரிடியத்தைப் பொருத்திக் காட்டியதிலிருந்து அந்த மணிக்கு இரிடியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய மணிகள் பலவற்றில் ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைதான் இருக்கிறது, இரிடியம் துளியும் இல்லாதவையும் உண்டு. மணி உதிர்ந்திருந்தால் எங்கள் மேசையில் அதற்கு வைத்தியம் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். டீச்சரின் பேனாவில் விரிசலும் இல்லை, மணியும் இரு பற்களிலும் பத்திரமாக இருந்தது.

நிமிர்த்துவதை நுனியில் தொடங்கக் கூடாது. முள்ளின் தோள்பட்டைப் பக்கம் இருந்து, மடிப்பு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கிருந்து, வளைவான உலோகக் கட்டையின்மேல் முள்ளை வைத்து, வழவழப்பான எஃகுக் கம்பியால் மேலிருந்து நீவிக்கொண்டே வரவேண்டும். தங்கத்தில் இடுக்கியின் பல் பட்டால் தழும்பு விழும். அந்தத் தழும்பே அடுத்த மடிப்புக்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு முறை நீவிய பிறகும் லென்சில் பார்ப்பதால், மொத்த நேரத்தில் பார்ப்பதே முக்கால்வாசி. வெளியே இருந்து பார்ப்பவருக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். இதைப் பற்றி முதலாளியிடம் கேட்ட வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

பல் நேரானதும் பிளவைச் சரிபார்த்தேன். காற்றுத் துளையருகே சற்று அகன்று, நுனிக்கு வர வர இரு பற்களும் நெருங்கியிருந்தால்தான், குறுகலை நோக்கி மை தானே ஏறி வரும். நுனியில் இடைவெளி அகன்றுவிட்டால் மை பாதி வழியிலேயே நின்றுவிடும். பந்துமுனைப் பேனாவை அழுத்திப் பழகியவர்கள் மைப்பேனாவை அழுத்தி எழுதும்போதும் இதுவே நேர்கிறது. மிக மெல்லிய பித்தளைத் தகட்டைப் பிளவில் விட்டு இழுத்தும், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தும் ஒளிக்கோடு நுனியில் மறைகிற வரை ஒழுங்குபடுத்தினேன். அதன் பிறகு முள்ளின் அடிப்பக்கம், அதற்கு மை கொண்டுவரும் நாக்கோடு ஒட்டி உட்கார வேண்டும். 1884இல் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற நாக்கின் வாய்க்கால்கள், மை இறங்க இறங்கக் காற்றை உள்ளே விடுகின்றன. முள் அதைவிட்டு எழும்பி நின்றால் அந்த ஏற்பாடே பயனற்றுப் போகும்.

இவ்வளவும் முடிந்து மை நிரப்பி எழுதியபோது ஒரு கீறல் மிஞ்சியிருந்தது. இரு பற்களும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், தாழ்ந்த பல்லின் உள்விளிம்பு தாளைச் சுரண்டும்; இடப்பல் தாழ்ந்திருந்தால் பேனா வலப்பக்கம் நகரும்போதும், வலப்பல் தாழ்ந்திருந்தால் இடப்பக்கம் நகரும்போதும் அது தெரியும். தமிழில் எழுதுபவர்களிடம் ஞ, ஜ, ழ ஆகிய மூன்றையும் எழுதச் சொல்வேன். எல்லாத் திசையிலும் சுழல வேண்டியிருப்பதால் குறை எங்கே என்று அவையே காட்டிக் கொடுத்துவிடும். என் கையில் எழுதியபோது பற்கள் சமமாகவே இருந்தன. கீறல் மணியில் இருந்தது. பல்லாண்டு எழுதியதால் மணியின் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து தட்டையாகியிருந்தது. கிராணி ஐயா பேனாவை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்து எழுதியிருக்கிறார். அந்தச் சாய்வில் பிடித்தால் பேனா வெண்ணெய்போல் ஓடியது. நேராகப் பிடித்தால் தட்டைப் பகுதியின் ஓரம் தாளில் இடறியது. மகள் பிடிப்பதோ நேராக.

"தேச்சு உருண்டையாக்கிக் குடுத்திருங்க தம்பி" என்றார் டீச்சர். அதைச் செய்ய முடியும். மெல்லிய தேய்ப்புத் தாளில் எட்டு எழுதுவதுபோல் சுழற்றினால் மணி உருண்டுவிடும். ஆனால் தேய்க்கிற உலோகம் தூளாகப் போவது. அளவு மீறினால் பற்களின் உள்விளிம்புகள் உருண்டு, பிளவு தாளைத் தொடாமல், முதல் எழுத்தில் மை விழாமல் விட்டுவிடும். அதோடு, அந்தத் தட்டைதான் அந்தப் பேனாவில் அவர் தந்தையின் கை விட்டுப்போன ஒரே அடையாளம் என்பதையும் லென்சைக் கொடுத்துக் காட்டினேன். இதைச் சொன்னது பழுதுபார்ப்பவனின் வேலையா என்று எனக்கே ஐயம்தான். வாடிக்கையாளர் எழுதுவதற்காகக் கேட்கிறார், எழுதும்படி செய்து கொடு என்பது முதலாளியின் கட்சி. நினைவுக்காக வைப்பதென்றால் வளைந்தபடியே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கலாமே என்றும் கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது.

டீச்சர் லென்சில் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஓரத்தை மட்டும் மழுக்கிவிடும்படி சொன்னார். 12000 நுண்மை கொண்ட தாளை ஈரமாக்கி, தட்டையைத் தொடாமல் அதன் விளிம்பை மட்டும் லேசாக ஓட்டினேன். இடறல் குறைந்தது, முழுதும் போகவில்லை. பேனாவைக் கொஞ்சம் சாய்த்து எழுதிப் பார்த்த டீச்சர், இந்த அளவு போதும் என்று மூடியைத் திருகிக்கொண்டார். முதலாளிக்கு இது அரைகுறை வேலையாகத்தான் பட்டது. நிமிர்த்திய கூலியை மட்டும் எழுது, தேய்த்ததற்கு ஒரு வெள்ளிகூடப் போடாதே என்று ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.