இரும்பு குறைந்தால் குளோபின் உற்பத்தி ஏன் நிற்கிறது?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது. குளோபின் என்பது ஈமோகுளோபினின் புரதப் பகுதி. விடை, புரதத் தொகுப்பு தொடங்கும் விதத்தில் இருக்கிறது. "இறைபோசோம் ஏ.யூ.ஜீ கோடோனில் இணைகிறது" என்று எழுதுவது பற்றீரியாவுக்கு ஏறத்தாழப் பொருந்தும். அங்கே தொடக்கக் கோடோனான ஏ.யூ.ஜீக்குச் சற்று முன்னாலுள்ள சைன்-டல்கானோ தொடர் இறைபோசோமின் சிறிய உப அலகை நேரே பிடித்துக்கொள்ளும். எங்கள் கலங்களில் வழி வேறு.

இறைபோசோமின் சிறிய உப அலகான 40எஸ், மெதியோனைனைச் சுமந்த இடமாற்று ஆர்.என்.ஏயை முதலே ஏற்றிக்கொண்டுதான் வருகிறது. அதை ஏற்றிவிடுவது, ஆற்றல் மூலக்கூறான ஜீ.ரீ.பீயைப் பிடித்த ஈ.ஐ.எஃப்2 என்னும் தொடக்கக் காரணிப் புரதம். பின்னர் 40எஸ், தூது ஆர்.என்.ஏயின் 5' முனைத் தொப்பியருகே ஏறி, ஏ.யூ.ஜீயைத் தேடியபடி 3' பக்கம் நகரும். கண்ட ஏ.யூ.ஜீயில் எல்லாம் நிற்காது. மூன்று இடம் முன்னால் ஏ அல்லது ஜீயும், கோடோனை அடுத்து உடனே ஒரு ஜீயும் இருந்தால் உறுதியாக நிற்கும். இல்லாவிட்டால் பலவேளை தாண்டிப் போய்விடும். நின்றபின் ஜீ.ரீ.பீ ஒரு பொசுபேற்றை இழந்து ஜீ.டீ.பீ ஆகும்; ஈ.ஐ.எஃப்2 அதனுடன் கழன்றுவிட, பெரிய உப அலகான 60எஸ் வந்து சேரும்.

கட்டுப்பாட்டின் அழகு இந்தக் கழன்ற ஈ.ஐ.எஃப்2இல்தான் இருக்கிறது. அது திரும்ப வேலைசெய்ய ஜீ.டீ.பீயை விட்டு ஜீ.ரீ.பீயைப் பிடிக்கவேண்டும். மாற்றிக் கொடுப்பது ஈ.ஐ.எஃப்2பி என்னும் இன்னொரு புரதம். இதன் அளவு ஈ.ஐ.எஃப்2ஐ விட மிகக் குறைவு. ஈ.ஐ.எஃப்2இன் அல்பா அலகில் 51ஆம் இடத்திலுள்ள செரீன் அமினோவமிலத்தில் பொசுபேற்று ஏறினால், அது ஈ.ஐ.எஃப்2பியை இறுகப் பிடித்து முடக்கிவிடும். ஆகவே ஈ.ஐ.எஃப்2இன் ஒரு பங்கில் ஏறினாலே போதும், புரதத் தொகுப்பு முழுவதும் தளர்ந்துவிடும்.

பொசுபேற்று ஏற்றும் நொதியங்கள் நான்கு. அமினோவமிலப் பஞ்சத்துக்கு ஜீ.சி.என்2, வைரசின் இரட்டை இழை ஆர்.என்.ஏக்கு பி.கே.ஆர், அகமுதலுருச் சிறுவலையில் மடியாத புரதம் குவிந்தால் பேர்க். நான்காவது எச்.ஆர்.ஐ, வளரும் செங்குழியங்களில் முக்கியமானது.

ஈம் என்பது குளோபினோடு சேர்ந்து ஈமோகுளோபினாகும், இரும்பைக் கொண்ட பகுதி. அது இருக்கும்வரை எச்.ஆர்.ஐ அடங்கியிருக்கும். இரும்பு குறைந்து ஈம் குறைந்தால் விழித்துக் குளோபின் தொகுப்பை நிறுத்தும். முயலின் முதிராச் செங்குழியச் சாற்றில் ஈமின் (hemin) என்னும் ஈம் வடிவத்தைச் சேர்க்காமல் விட்டால் சில நிமிடங்களில் தொகுப்பு விழுவது இதனால்தான். நிறுத்தாவிட்டால்? எச்.ஆர்.ஐ நீக்கிய எலிகளுக்கு இரும்புக் குறைவு வந்தபோது, ஈம் கிடைக்காத குளோபின் வீழ்படிந்து கலங்கள் அழிந்தன. இரும்புக் குறைவில் செங்குழியம் சிறுத்து வெளிறுவதில் இந்தத் தடைக்கும் பங்குண்டு.

வீட்டில் கிளினிக் இரும்புக் குளிகை எடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பிளேன்டீயோடு விழுங்கக்கூடாது. தேயிலையின் பொலிபீனோல்கள் குடலிலேயே இரும்பைக் கட்டிவிடும். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.