ஏர் ரைஃபிள் குழு சிதறினால் முதலில் ப்ரீச் ஓ-ரிங்கைப் பாருங்கள்

இலக்கில் பெல்லட் (ஈயக் குண்டு) துளைகள் விழும் குழு திடீரென விரிந்தால் பலரும் பேரல் எனும் குழாயையே குறை சொல்வார்கள். சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றால் சுடும் 4.5 மி.மீ. பிசிபி ரைஃபிளில் பல நேரம் குற்றவாளி ப்ரீச் ஓ-ரிங்தான், அதாவது பெல்லட் போடும் இடத்தில் (ப்ரீச்) காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். மூடிய ப்ரீச்சின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டு, இலக்கை நோக்கிச் சுடுங்கள். துண்டு பறந்தால் காற்று கசிகிறது.

மாற்றும்முன் பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து, சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றையும் வெளியேற்றுங்கள். பழைய ரிங்கைப் பல்குத்தும் குச்சியால் நெம்புங்கள். ஊசி வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங்கும் கசியும். அளவை மேனுவலில் பாருங்கள். நசுங்கிய பழைய ரிங்கை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் தப்பாகவே வரும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ரிங் வாங்குவதானால் விட்டம், தடிமன், ஷோர் கடினம் (ரப்பர் எவ்வளவு கெட்டி என்ற அளவு) மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பூச சிலிகான் கிரீஸ், அதுவும் துளிதான். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றில் தீப்பற்றக்கூடும்.

பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் பெல்லட் (அழுத்திய கம்பளியால் ஆன துப்புரவுக் குண்டு) இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டுச் சுடலாம். ஸ்பிரிங் ரைஃபிளில் கூடாது. ஃபெல்ட்டின் எடை போதாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அடிவாங்கும். சுத்தம் செய்த பிறகு முதல் பத்து இருபது பெல்லட்டுகள் இலக்கில் அலைந்தால் ஸ்கோப்பைத் திருகாதீர்கள், ஈயப் படலம் மீண்டும் படியட்டும்.