மெரிதாவில் ஒரு வீடும் என் இனிஷியலும்

“உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர்?” என்று மெக்சிகோ குடியேற்றக் கவுண்டரில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டார். இல்லை என்றேன். அம்மா இல்லை என்கிறேனா, பெயர் இல்லை என்கிறேனா என்று தெரியாமல் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மெக்சிகோவில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. எனக்கோ ஊரில் இருந்தவரை ஒரே ஒரு இனிஷியல். அமெரிக்கா போனதும் அது விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. நீளமான பெயர். ஏதோ ஒரு படிவத்தில் நடுவே இடைவெளி விழுந்து இரண்டு சொல்லாகி, அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “இதோ, இரண்டு இருக்கிறதே!” முன்பாதி அப்பா பெயர், பின்பாதி அம்மா பெயர் என்று தட்டிவிட்டார். வேலை முடிந்தால் சரி என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் பில் வந்தது.

இது 2015. இருபது வருஷம் ஹூஸ்டனில் இருந்துவிட்டு, யுகத்தான் மாநிலத்தின் தலைநகரான மெரிதாவுக்குக் குடிவர முடிவு செய்திருந்தோம். ஏன் மெரிதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: மதுரை வெயில், ஆனால் மத்தியானம் ஊஞ்சல் படுக்கையில் தூங்கினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பலர் தப்புச் செய்யும் இடம் முதல் படியிலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணியாக உள்ளே போய், பிடித்திருந்தால் அங்கேயே வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். மெக்சிகோ குடிமக்கள் யாராவது நெருங்கிய உறவாக இருந்தாலொழிய பொதுவாக அது நடக்காது. நாட்டுக்கு வெளியே உள்ள மெக்சிகோ தூதரகத்தில்தான் தொடங்க வேண்டும். 12 மாத வங்கி, முதலீட்டுக் கணக்குகளை அடுக்கி வைத்தோம். எவ்வளவு இருப்பு வேண்டும் என்பது வருஷத்துக்கு வருஷம் ஏறும், தூதரகத்துக்குத் தூதரகம் கொஞ்சம் மாறும். போகிற தூதரகத்தில் நேரே கேட்டுக்கொள்வதுதான் நல்லது. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா 180 நாள் செல்லும், ஒருமுறை நுழையத்தான் அது. உள்ளே வந்த 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் அதை அட்டையாக மாற்றத் தொடங்க வேண்டும். இதற்குக் ‘கான்ஹே’ என்று பெயர்.

விமான நிலையத்தில் அதிகாரி அவசரத்தில் இருந்தார். நுழைவுச் சீட்டில் சுற்றுலாப் பயணி, 180 நாள் என்று குறித்துத் தள்ளிவிட்டார். மளிகைக் கடை ரசீதைக்கூட இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவள் என் மனைவி. வரிசையை விட்டு நகருமுன்பே பார்த்துவிட்டாள். திரும்பிப் போய், விசாவைக் காட்டி, ‘கான்ஹே, 30’ என்று மாற்றி எழுத வைத்தோம். அப்படியே வெளியே போயிருந்தால் அந்த விசா வீண்தான், மறுபடி தூதரக வாசலில் நின்றிருப்போம்.

அப்புறம் புகைப்படம். நெற்றி தெரிய வேண்டும், காது தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது. ஸ்டூடியோக்காரர் மனைவியின் தோட்டைக் கழற்றச் சொன்னார், கழற்றினாள். மூக்குத்தியைச் சொன்னார். அது திருகாணி போட்டு இறுகிக் கிடந்தது, கால் மணி நேரம், ஒரு சொட்டு எண்ணெய். கடைசியில் பொட்டையும் சுட்டிக்காட்டினார். அதை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டுப் படத்துக்கு உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் புதுப்பிக்கப் போனபோதும் பொட்டு அங்கேயே இருந்தது.

முதல் அட்டை ஒரு வருஷத்துக்கு. பிறகு மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தோம். நான்கு ஆண்டு நிறைந்ததும் 2019இல் நிரந்தர வசிப்பு அட்டை, அதற்குக் காலாவதி கிடையாது. இதில் சொல்ல ஒன்றும் இல்லை, வரிசை, நகல், கைரேகை, அவ்வளவுதான்.

வீட்டை நிரந்தர அட்டைக்கு முன்பே, 2017இல் வாங்கிவிட்டோம். 1917ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நிலத்தை நேரடி உடைமையாக்க முடியாது என்கிறது. மெரிதா கடலோர ஊர் இல்லை, ஆனால் ப்ரொக்ரெசோ கடற்கரை முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆக நாங்கள் தடைப் பகுதிக்குள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் சான் மிகேல் தெ அயேந்தேயிலோ சபாலா ஏரிக்கரையிலோ வாங்கும் அமெரிக்கர்களுக்கு இந்தப் பாடு இல்லை, நேரே தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

வழி என்னவென்றால் ‘ஃபிதெய்கொமீசோ’. பத்திரம் வங்கியின் பெயரில் இருக்கும், அனுபவிப்பவர் நாம். விற்கலாம், வாடகைக்கு விடலாம், இடித்துக் கட்டலாம், யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். காலம் 50 ஆண்டு, அதன் பின் நீட்டிக்கலாம். இதற்காக வங்கிக்கு ஆண்டுக் கட்டணம். “நம்ம வீட்டுக்கு நாமே வருஷா வருஷம் தண்டம் கட்டுவதா?” என்று ஊரிலிருந்து மாமா கேட்டார். வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். சொத்து விஷயத்தில் என் நாட்டு அரசின் பாதுகாப்பைத் தேடி ஓட மாட்டேன், ஓடினால் சொத்து மெக்சிகோவுக்கே போகட்டும் என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் ஒன்று உண்டு. அமெரிக்க நண்பர்கள் பலர் அந்த வரியில் கொஞ்சம் நெளிவார்கள்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. 1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை அமெரிக்காவிடம் இழந்த நாடு இது. அதற்கும் முன்னால் டெக்சாஸ் போனது, அங்கே நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் கிளர்ந்தெழுந்துதான். நானும் டெக்சாஸிலிருந்து வந்தவன், சந்தேகப்படட்டும்.

இங்கே ‘நொத்தாரியோ’ என்பவர் அமெரிக்காவில் மருந்துக் கடையில் முத்திரை குத்தும் நோட்டரி இல்லை. சட்டம் படித்தவர், அரசு நியமிப்பது. நம் சார்பதிவாளர், பத்திர எழுத்தர், வரிக் கணக்கர் மூவரையும் ஒருவரில் போட்டது மாதிரி. வில்லங்கச் சான்றுக்கு இங்கேயும் அதே வேலை. பாதி விலையில் கடலோர மனை ஒன்றும் எங்களுக்கு வந்தது. அது ‘எஹீதோ’ நிலம், கிராமச் சமூகத்துக்கு அரசு கொடுத்தது. 1992 சீர்திருத்தத்துக்குப் பின் முறைப்படி தனிச் சொத்தாக மாற்றிய பிறகே விற்கலாம். மாற்றாததை வாங்குவது நம்மூரில் பஞ்சமி நிலத்தை வாங்குவது மாதிரி. நொத்தாரியோ காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். விட்டுவிட்டோம்.

ஐந்து வருஷ வசிப்பு நிறைந்தபின் 2021இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். லத்தீன் அமெரிக்க நாட்டில் பிறந்தவர்களுக்கும், மெக்சிகோக்காரரை மணந்தவர்களுக்கும் இரண்டு வருஷம் போதும். விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டு ஆண்டில் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது. அம்மாவைப் பார்க்கத் தஞ்சாவூர் போன நாட்களை பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று. அம்மாவிடம் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பில் வந்தது. பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என்னுடையதில் பெயரே இல்லை, ‘ஆண்’ என்று மட்டும். தம்பி நகராட்சிக்கு நடந்து பெயர் சேர்த்து, சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று, ஒட்டி அனுப்பினான். இங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலப் பாதியை ஸ்பானிய மொழிக்கு மாற்றினார். தமிழ்ப் பாதியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அதே விஷயம்தான் என்றேன். ‘வேற்று மொழியில் உள்ள வாசகம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்.

சான்றிதழில் அப்பா பெயர் ஒரே சொல். அம்மா பெயர் தனி வரியில், முற்றிலும் வேறு. என் அட்டையிலோ அப்பாவை இரண்டாக வெட்டிப் பாதியை அம்மாவாக்கி வைத்திருந்தது. அதே பாதி ‘குர்ப்’ எண்ணிலும் ஏறியிருந்தது. 18 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி அது. அப்பா வழிப் பெயரிலிருந்து இரண்டு எழுத்து, மூன்றாவதாக அம்மா வழிப் பெயரின் முதல் எழுத்து. இரண்டாம் பெயர் இல்லாதவர்களுக்கு அங்கே ‘எக்ஸ்’ போட வேண்டும். எனக்கு எக்ஸ் இல்லை, அப்பாவின் பின்பாதி இருந்தது. முதலில் பாஸ்போர்ட்டில் இடைவெளியை நீக்கி, பிறகு அட்டை, பிறகு குர்ப், பிறகு வரி எண் என்று வால் பிடித்துக்கொண்டே போய்த் திருத்தி முடிக்க ஏழு மாதம். இனிஷியல்காரர்களுக்கு என் ஒரே யோசனை: முதல் கவுண்டரில் தலையாட்டாதீர்கள், எக்ஸ் கேளுங்கள்.

தேர்வு ஒப்பிட்டால் சுலபம். வரலாறும் பண்பாடும் 10 கேள்வி, 8 சரியாக இருக்க வேண்டும். கூடவே ஸ்பானிய வாசிப்புப் பகுதி. 60 வயது கடந்தவர்களுக்கு வரலாற்றுத் தேர்வு இல்லை, எனக்கு அந்தச் சலுகைக்கு இன்னும் நாள் இருந்தது. அமெரிக்காவில் மே 5ஆம் தேதியை மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று நினைத்துப் பீர் குடிப்பார்கள், நானும் குடித்திருக்கிறேன். அது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திரப் போர் தொடங்கியது 1810 செப்டம்பர் 16. சபுல்தெபெக் கோட்டையில் 1847இல் அமெரிக்கப் படையை எதிர்த்து இறந்த இளம் மாணவ வீரர்களைப் பற்றிப் படிக்கும்போது, மேஜையில் என் அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் படித்தேன்.

குடியுரிமைக் கடிதம் அடுத்த ஆண்டு கையில் கிடைத்தது. அதன் பிறகு ஃபிதெய்கொமீசோவை முடித்து வீட்டை நேரடியாக என் பெயருக்கு மாற்றினேன். வங்கிக்கு முடிப்புக் கட்டணம், நொத்தாரியோவுக்கு இன்னொரு கட்டணம். இத்தனை வருஷம் கட்டிய தண்டத்தோடு சேர்த்தால் மாமா சொன்னதில் தப்பில்லை. நொத்தாரியோ பத்திரத்தை உரக்கப் படித்தார். அப்பா பெயரை ஒரே மூச்சில், நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கி, ஆனால் ஒரே சொல்லாகப் படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வங்கியிலிருந்து ஆண்டுக் கட்டணப் பில் வந்தது, பழைய பெயரில், இரண்டு துண்டாக. பத்திர நகலை இணைத்துப் பதில் அனுப்பியிருக்கிறேன்.