ஒரே பெட்டி, இரண்டு வயது

வெள்ளை பர்கண்டி, அதாவது பிரான்சின் பர்கண்டிப் பகுதி வெள்ளை ஒயின். ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் இளமஞ்சளாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பது அடர் பொன்னிறம். திறந்தால் அடிபட்டுப் பழுத்த ஆப்பிள் வாசனை. இறக்குமதி வேலையில் இருப்பவன் என்பதால் காரணத்தைத் தோண்டுவதும் இழப்பீடு கேட்பதும் என் தலையில் விழுந்தன.

கன்டெய்னரைத் திறந்தபோதே சில அட்டைப்பெட்டிகளின் அடியில் கறை தெரிந்ததால், அன்றே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிட்டோம். வெளியே தெரியாத சேதமாக இருந்தாலும், கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகளின்படி 3 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். விட்டால், சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு.

சேதத்தை ஆராயும் சர்வேயர் வந்தார். சுவைக்கும் முன் பாட்டில்களைப் பார்த்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. கழுத்து உறையைத் திருகினார். மற்றவற்றில் தாராளமாகச் சுழன்ற உறை சிலவற்றில் ஒட்டிக்கொண்டு நின்றது. உரித்தால் கார்க் விளிம்பைவிட மேலேறி, பக்கவாட்டில் ஒயின் ஓடிய கோடு. அந்தப் பாட்டில்களில் ஒயின் மட்டமும் இறங்கியிருந்தது.

நாங்கள் கன்டெய்னருக்குள் வைத்திருந்த, வெப்பநிலையைப் பதிந்துகொண்டே வரும் லாகர் கருவியில் மீதிக் கதை இருந்தது. 13 டிகிரியில் வரவேண்டிய குளிர் கன்டெய்னர், இடையில் கப்பல் மாற்றிய துறைமுகத்தில் மின் இணைப்பில்லாமல் கிடந்திருக்கிறது. வெப்பம் ஏற ஒயின் விரிந்து கார்க்கை நெருக்கித் தள்ளும். மறுபடி குளிர்ந்தால் சுருங்கி, தளர்ந்த அதே வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றிலிருந்து ஒயினைக் காக்கும் சல்ஃபர் டை ஆக்சைடில் எதனோடும் பிணையாமல் இருக்கும் பங்கு தீர்ந்ததும் நிறம் கறுக்கத் தொடங்கும். கார்க் மரப்பட்டைதானே, ஒன்று போல இன்னொன்று அடைக்காது. அதனால்தான் ஒரே பெட்டிக்குள் இத்தனை வித்தியாசம். (போர்ச்சுகலின் மதேராத் தீவில் ஒயினை 45 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள். அது அதற்கென்றே செய்த ஒயின்.)

சரி, லாகர் இருக்கிறது, பணம் வந்துவிடும் என்று நினைத்தோம். காப்பீட்டாளர் வேறு கதவைத் திறந்தார்: 'சரக்கின் இயல்பான குறை'க்குக் காப்பீடு கிடையாது. வாதத்தில் சத்து இருந்தது. 1990களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து வெள்ளை பர்கண்டி, நிலவறையை விட்டு நகராத பாட்டிலிலும் சீக்கிரமே முதுமையடையும் தொல்லை ஊரறிந்தது. கார்க், குறைந்த சல்ஃபர், பிழியும் முறை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

அதற்குப் பதில் தயாரிப்பாளரிடம்தான் இருந்தது. அதே லாட்டில், அதாவது அதே தொகுப்பில், அவர் நிலவறையில் வைத்திருந்த பாட்டில்களை வரவழைத்து, எங்களுடையவற்றோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அங்கேயே இருந்தவற்றில் சல்ஃபர் நன்றாக இருந்தது, எங்களுடைய பொன்னிறப் பாட்டில்களில் ஏறக்குறைய இல்லை.

கசிந்தவற்றுக்கு முழுப் பணம் கிடைத்தது. கசியாமல் நிறம் மட்டும் மாறியவற்றுக்கு ஒன்றும் தரவில்லை. வெப்பத்தில் கசிவே இல்லாமலும் ஒயின் வேகமாக மூப்படையும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்புறம் வாங்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் சில பாட்டில்களைத் தயாரிப்பாளரே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம். லாகரும் இப்போது இரண்டு: ஒன்று கதவோரம், ஒன்று நடுவில்.