புல்தரை இருந்த இடம்: நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

புல்வெட்டும் இயந்திரத்தை இன்று கடைசி முறையாக ஓட்டினேன். வீட்டு முகப்பில் இருக்கும் புல்தரை ஆறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். வெயில் காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால் 750 லிட்டரைக் குடித்துவிட்டு, வெட்டிக் கொட்ட வேண்டிய புல்லை மட்டுமே அது திருப்பித் தருகிறது. இனி அந்த இடத்தில் உண்ணக்கூடியவை வளரட்டும். தினமும் குனிந்து நிற்க எனக்கு நேரமில்லை என்பதால், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் செடிகளுக்கே முதலிடம்.

மார்ச் 10, ஞாயிறு

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவையும் கம்பி ஊக்குகளையும் உரித்தெடுப்பதிலேயே காலைப் பொழுது போய்விட்டது. பளபளப்பாக அச்சடித்தவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை, புல் வெளிச்சமின்றி மடியட்டும் என்று, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி புல்லின் மீது பரப்பி, ஊறும்வரை நனைத்தேன். அதன்மேல் மட்கிய உரம் பத்து சென்டிமீட்டர், அதற்கும் மேலே மரச்சீவல் மூடாக்கு. மண்ணைக் கொத்தவில்லை, கொத்தினால், உள்ளே உறங்கிக் கிடக்கும் களை விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்துவிடும். மரச்சீவலையும் உரத்தோடு கிளறிவிடாமல் மேலேயே விட்டேன். உள்ளே கலந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தமக்கு இழுத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

புல்தரையில் இருந்த அறுகம்புல்லை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். இரண்டு அட்டைகள் சந்திக்கும் இடத்தில் பச்சை தெரிந்ததால் மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். வெளிச்சமே படாமல் வெளுத்துப்போன தண்டு ஒன்று, ஊசி போன்ற முனையோடு அட்டைக்கு அடியிலேயே முழ நீளம் ஊர்ந்து, ஏற்றிவைத்த அளவு குறைந்திருந்த அந்த ஒரே இடுக்கின் வழியே தலைநீட்டியிருந்தது. இழுத்தால் கணுவில் அறுந்துவிடுகிறது. மண்ணில் தங்கும் ஒவ்வொரு கணுவும் மறுபடி தளிர்க்கும். ஆகவே கைக்கரண்டியால் தோண்டி முழுதாக எடுத்து, அந்த இடத்தில் இரட்டை அட்டை போட்டேன். ஓரங்களிலும் நடைபாதையை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஜூன் 2, ஞாயிறு

அடியில் புல் மட்கிவிட்டது. அட்டை விரல் பட்டாலே கிழிகிறது. நிழல் மற்றவற்றின்மேல் விழாத பக்கமாக முருங்கைப் போத்தையும், நடுவில் எலுமிச்சையையும், வேலியில் கொடிப்பசலையையும் நட்டேன். எலுமிச்சையின் அடித்தண்டை மூடாக்கு தொடாமல் ஒரு கை அகலம் விட்டிருக்கிறேன். ஈரம் ஒட்டியே கிடந்தால் பட்டை அழுகும். மீதி இடமெல்லாம் சர்க்கரைவள்ளிக் கொடித் துண்டுகள். புதினா மட்டும் தொட்டியில்தான். தரையில் விட்டால் அதுவும் இன்னோர் அறுகு.

ஜூன் 30, ஞாயிறு

சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று. வேறு வேலை இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கொடி தரையை முழுவதும் மூடியதால் இரண்டு மாதமாக நடுவில் களையே எடுக்கவில்லை. இன்று ஒரு மூலையை மட்டும் தோண்டினேன். நான்கு மாதத்தில் கைமுட்டியளவு கிழங்குகள் திரண்டிருந்தன. மண்ணும் முன்புபோலக் கெட்டியாக இல்லை, மண்வெட்டி தேவைப்படவில்லை, கையே போதுமானதாக இருந்தது. தோண்டிய இடத்திலேயே கொடியின் நுனிகளை நறுக்கி நட்டுவிட்டு, ஓரத்துப் பள்ளத்தைச் சுற்றி நடந்தேன். அறுகு இரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது. பத்து நிமிட வேலை.