சின்ன வார்த்தைகள்தான் படுத்தும்

ஆங்கிலம் கற்றுக்கொள்ளக் கிளம்பும் பலரும் முதலில் ஒரு நோட்டு வாங்கி, கடினமான வார்த்தைகளாகப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். 'மெட்டிகுலஸ்', 'யுபிக்விட்டஸ்' என்று பக்கங்கள் நிரம்பும். பிறகு யாராவது வந்து 'ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?' என்று கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். அத்தனையும் ஒன்றாம் வகுப்பு வார்த்தைகள், ஆனால் சேர்த்து வைத்தால் என்ன கேட்கிறார் என்றே புரியாது.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-இல் 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். சுமார் 2000 சொற்கள்தான். ஆனால் பொதுவாக நாம் படிக்கும் எந்த ஆங்கிலப் பக்கத்திலும் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தச் சொற்களும் அவற்றின் திரிபுகளுமாகவே இருக்கும். இதைக் கேட்டதும் 'அட, 2000 போதுமே' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஐந்தில் ஒரு வார்த்தை தெரியாமல் ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள், தலையும் புரியாது வாலும் புரியாது. நாவல், செய்தித்தாள் எல்லாம் தடங்கல் இல்லாமல் படிக்க 8000, 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தால் ஒரு குடும்பம்) வேண்டும் என்பது பால் நேஷன் என்ற மொழியியலாளரின் கணக்கு. பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை.

சரி, எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களில் ஒரு குட்டி ஆங்கிலத்தையே உருவாக்கினார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, புட், டேக், மேக் என்று போகும். மற்ற வினைகளை எல்லாம் இவற்றோடு அப், அவுட், ஆஃப் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்பது அவருடைய யோசனை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'டாலரேட்' என்று ஒரே வார்த்தையைக் கற்றுக்கொள்வது எளிதா, 'புட் அப் வித்' என்ற மூன்று வார்த்தைக்குப் 'பொறுத்துக்கொள்' என்று பொருள் எப்படி வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வது எளிதா? என் ஓட்டு 'டாலரேட்'டுக்குத்தான். ஆனால் ஊரில் எல்லாரும் பேசுவது 'புட் அப் வித்'. தப்பிக்க வழியில்லை.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சட்டை போடு, சண்டை போடு, திட்டம் போடு, கையெழுத்துப் போடு, ஒரு குட்டித் தூக்கம் போடு. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இந்த ஒரு 'போடு'வை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுவார் என்று நினைத்துப் பார்த்தால் 'டேக்' மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும். போட்டோ, மாத்திரை, பரீட்சை, பஸ் எல்லாவற்றுக்கும் அங்கே 'டேக்'. நமக்கோ போட்டோ எடுக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். கனமழைக்கு 'ஹெவி ரெயின்', பலத்த காற்றுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்' என்று சில இடங்களில் இரண்டு மொழியும் அதிசயமாக ஒத்துப்போகும், ஆனால் அதை நம்பி எல்லாவற்றையும் நேராக மாற்றினால் கவிழ்த்துவிடும்.

அதனால்தான் வார்த்தையைத் தனியாகப் படிக்காதீர்கள் என்கிறேன், அது எந்தக் கூட்டத்தோடு வருகிறதோ அந்தக் கூட்டத்தோடு சேர்த்தே படியுங்கள். 'டிஸ்கஸ்' என்று மட்டும் எழுதி வைத்தால் பேசும்போது நாக்கு தானாக 'அபவுட்' சேர்த்துவிடும், ஏனென்றால் தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்றுதான் சொல்வோம். 'வி டிஸ்கஸ்டு தி பிளான்' என்று முழுசாக எழுதி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

காதுக்கும் இதே கதைதான். எழுத்தில் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று பிரிந்து பிரிந்து இருப்பது வேகமான பேச்சில் 'வாட்யகன்ன டூ' என்று ஒரே மூச்சில் போய்விடும். எழுத்தில் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அது வேற்றுக்கிரக மொழி. வாக்கியத்தை எழுதும்போதே யாராவது பேசுவதை ஒருமுறை கேட்டு, நாமும் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது. வெட்கமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மறதிக்கு என்ன செய்வது என்றால், 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பிரபலமாக்கிய முறை, அதாவது படிப்பதைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் பிரித்து வைப்பது, இன்றைக்கும் கைகொடுக்கிறது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைத் திரும்பப் பார்க்க நாளாகும். தவறினால் மறுபடி முதல் பெட்டி. இப்போது செயலிகளே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஆனால் அட்டையில் ஒற்றை வார்த்தையும் தமிழ்ப் பொருளும் எழுதாமல், 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு ___ யூ' என்று இடம் விட்டு எழுதுங்கள். அங்கே 'மீட்' வராது, 'மீட்டிங்' வரும் என்பது இலக்கண விதி படிக்காமலே பதிந்துவிடும்.

அப்புறம் அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் பார்க்காமல், கற்பவர்களுக்கென்றே போட்ட ஆங்கில அகராதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1978-இல் வந்த லாங்மன் அகராதி, சுமார் 2000 எளிய சொற்களை மட்டுமே வைத்து எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னது, அதன் பிந்தைய பதிப்பை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 'யுபிக்விட்டஸ்' அதில் சில வரிகளில் முடிந்துவிடும். 'டேக்' தேடிப் பாருங்கள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும்.