ஃபைபர் லைனில் ஒசாகா ஃபேக்ஸை மீட்ட அனுபவம்

விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் காரைக்குடி ஆபீஸில் ஃபேக்ஸ் மெஷின் மணி அடித்தால் அது ஒசாகாதான். அங்கே அப்போது காலை ஒன்பது. அப்பச்சி காலத்திலிருந்து எங்களிடம் ஆத்தங்குடி டைல்ஸ் வாங்குகிற ஜப்பானியர் ஒருவர், எந்த அறைக்கு எந்தப் பூ, எந்த ஓரத்துக்கு எந்த பார்டர் என்று தரைப் படத்தில் கையால் குறித்து, முத்திரை வைத்து ஃபேக்ஸில்தான் அனுப்புவார். "ஈமெயில் அனுப்பச் சொல்லுங்களேன்" என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் சிறிய கம்பெனிகள் நிறையப் பேர் இன்னும் ஃபேக்ஸை விடவில்லை. இத்தனை வருடம் ஒழுங்காக ஆர்டர் கொடுத்தவரை, நம் தெருவில் கம்பி மாறியதற்காக அவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது சரியில்லை.

போன வருடம் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்தார்கள். நம்பர் அதே 04565 நம்பர்தான். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் பின்னால் இருக்கும் போன் துளையில் ஃபேக்ஸ் வயரைச் செருகினேன். பேச்சு கணீரென்று கேட்டது. ஃபேக்ஸ் மட்டும் ஒரு பக்கம் பாதி வந்து நின்றுவிடும்.

புகார் கொடுத்தேன். வந்த தம்பி ரிசீவரை எடுத்து இரண்டு முறை "ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்று நானே படிக்க ஆரம்பித்தேன். ஃபேக்ஸ் அனுப்புவது பேச்சு போலக் காதுக்குக் கேட்கும் ஒலிதான். ஆனால் அந்த ஒலிக்குள் இருப்பது எண்கள். ஃபைபரில் வருவது இன்டர்நெட் வழிப் போன்; அது ஒலியைப் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் நம் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸ் விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் போகும்போது ஒரு துண்டு என்பது 288 பிட். அது தொலைந்தால் படத்தில் அந்த இடம் காலி; சில சமயம் இரண்டு மெஷினும் தாளம் தவறி லைனே அறுந்துபோகும். பேச்சில் இடைவெளி வந்தால் எதுவும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதி, 64 கிலோபிட் ஒலியை 8 கிலோபிட்டாக நசுக்கும் ஜி.729 முறை, இரண்டுமே பேச்சுக்கு நல்லவை, ஃபேக்ஸுக்கு எமன்.

இதற்கிடையில் ஒரு தப்பு செய்தேன். மெஷினில் இசிஎம் என்ற பிழை திருத்தும் வசதியை அணைத்தால் பக்கம் முழுதாக வரும் என்று எங்கோ படித்து, அணைத்தேன். முழுப் பக்கம் வந்தது! சந்தோஷமாக எடுத்துக்கொண்டு ஆத்தங்குடி பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி அண்ணன் கண்ணாடி மேல் அச்சை வைத்து, சிவப்புச் சாந்தைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த பார்டர்ல ஒரு கோடா, ரெண்டு கோடா? அந்தப் பக்கம் ரெண்டு இருக்கு, இந்தப் பக்கம் ஒண்ணுதானே இருக்கு?"

ஒசாகாவுக்குப் போன் செய்தோம். இரண்டு கோடு. தொலைந்த ஒரு வரியைத் திரும்பக் கேட்க வழியில்லாமல் மெஷின் அதை விழுங்கியிருக்கிறது. சாந்து ஊற்றிய கல்லைத் திருத்த முடியாது. அண்ணன் கேட்காமல் வேலையைத் தொடங்கியிருந்தால் ஒரு கூடத்துக் கல் முழுவதும் போயிருக்கும். அன்று சாயங்காலமே இசிஎம்மைத் திரும்பப் போட்டேன். வராத பக்கத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லலாம். தப்பாக வந்த பக்கம் தப்பு என்றே தெரியாது.

அடுத்த புகாரை வேறு மாதிரி எழுதினேன். "ஃபேக்ஸ் வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், எங்கள் ஓஎன்டியின் வாய்ஸ் செட்டிங்கில் ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 போட்டிருக்கிறதா, ஒலியை 64 கிலோபிட்டிலேயே அனுப்பும் ஜி.711 முதலில் இருக்கிறதா, மௌன நேரத்தை வெட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டேன். அது போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் ஒரு இன்ஜினியர் கூப்பிட்டார். டி.38 என்பது 1998-லேயே வந்த விதிமுறை. ஃபேக்ஸை ஒலியாக அனுப்பாமல், பெட்டியிலேயே பிரித்து எண்களாக அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டின் நகலையும் சேர்த்து அனுப்ப முடியும், அதனால் ஒன்று தொலைந்தாலும் குடிமுழுகாது. அங்கிருந்தபடியே மாற்றிவிட்டு, பெட்டியை ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னார்.

மதுரை ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பத்துப் பக்கம் அனுப்பச் சொன்னேன். அப்பழுக்கில்லாமல் வந்தது. ஒசாகாவிலிருந்து வருவதில் மட்டும் ஐந்தில் இரண்டு பாதியில் அறுந்தது. வெளிநாட்டு அழைப்பு பல கம்பெனிகளின் கை மாறி வருகிறது. நடுவில் ஒருவர் டி.38 எடுக்காவிட்டால் அந்தத் தூரம் பழையபடி ஒலியாகத்தான் வரும்.

அதற்கும் வழி இருந்தது. ஃபேக்ஸில் வாங்கிக்கொள்ளும் பக்கத்து மெஷின்தான் தன் வேக வரம்பை முதலில் சொல்லும். அதனால் நம் மெஷினிலேயே சூப்பர் ஜி3 என்ற அதிவேக முறையை அணைத்து, வேகத்தை விநாடிக்கு 9,600 பிட்டுக்கு இறக்கினேன். ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஜப்பான் பக்கம் எதையும் தொடச் சொல்லவில்லை.

கரண்ட் விஷயத்தை நான் முதலில் யோசிக்கவே இல்லை. பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். ஃபைபரில் வீட்டுக் கரண்ட் போனால் ஓஎன்டியும் செத்துவிடும். பெட்டியும் மெஷினும் இப்போது ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன.

கடைசியாக, வரும் ஃபேக்ஸ் எல்லாம் பிடிஎஃப் ஆக ஆபீஸ் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் விழும்படி மெஷினில் அமைத்தேன். பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் உடனே போய்விடுகிறது. மேஸ்திரி அண்ணன் மட்டும் போனில் பார்த்து வேலை தொடங்க மாட்டார். தாள் வேண்டும் என்பார். கோட்டை விரலால் தொட்டு எண்ண வேண்டுமாம். ஏழு மணிக்கு பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே ஆத்தங்குடிக்கு வண்டியை எடுக்கிறேன்.